நெய்யும் கருமருந்தும்

1

மேரி அக்கா காலையிலேயே கடைக்குப் போய் ஒரு டின் நெய் வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது நாளைக்குப் படையலுக்கு. உன்ரை துவக்குக்கு இல்லை. விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா."

நெய்யையும் துவக்கையும் ஒரே மூச்சில் சொல்லி எச்சரிக்கப்பட்ட தமிழன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அதை விளக்காமல் விட்டால், பரமேஸ்வரன் பாரிசுக்குப் போய் என்னவோ ஆகிவிட்டான் என்று கதை கட்டிவிடுவீர்கள். பாதி உண்மை. ஆனாலும் மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

நாளை அம்மாவின் ஆட்டைத்திவசம். போய் ஒரு வருஷம். நான் மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவனும் நான், அம்மாவுக்கு வைக்க வேண்டியவனும் நான். என்னை நம்பி யாரும் ஒரு வேலையும் ஒப்படைத்ததில்லை. சந்தைக்கு அனுப்பினால் மீனை மறந்துவிட்டுப் பகிடிக் கதையோடு திரும்பி வருகிறவன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்க முடியாது என்பதால் என்னிடம் விட்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் அம்மா என்னை அனுப்ப வந்தபோது அழவில்லை. சேலைத் தலைப்பால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அங்கை போய் மறந்தாலும் பரவாயில்லை. எனக்குக் கொள்ளிக்கு வந்திடு."

"அவசரப்படாதேங்கோ அம்மா. லீவு கேக்க வேணும்."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் நேரில் சிரித்ததில்லை.

2

நான் இருப்பது லா ஷப்பலில், மெற்றோ தலைக்கு மேலே ஓடுகிற தெருவுக்குப் பின்னால், அன்ரனி அண்ணை வீட்டில். அண்ணை மன்னார் ஆள். மேரி அக்கா அவருடைய மனைவி. ஒரு மகள், ஷர்மினி. ஒன்பது வயது. அவர்கள் கிறிஸ்தவர்கள், நான் சைவன். அவர்களுக்குக் கட்டில், எனக்கு விறாந்தைச் சோபா. விருந்தாளி வந்தால் சோபா அவர்களுக்கு, எனக்கு மெற்றோ. வேலை ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிடங்கில். லொறியிலிருந்து சுருளை இறக்கிப் பிறகு அதே சுருளை வேறொரு லொறியில் ஏற்றுவேன். இதற்காகத்தான் நான் கணக்கியல் படித்தேன்.

எனக்கு இன்னும் அகதி அட்டை கிடைக்கவில்லை. ஒருமுறை மறுத்துவிட்டார்கள், மேன்முறையீடு நடக்கிறது. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருகிற ரெசிப்பிசே என்ற கடதாசித் துண்டுதான் நான். மடித்து மடித்து அது நாலு துண்டாகிவிட்டது. ஒட்டுப்பட்டியின் தயவில் ஒரே குடும்பமாக இருக்கிறது.

அம்மாவுக்குக் கடும் வருத்தம் என்று பெரியக்கா எழுதியபோது அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு, அதைப் புதுப்பித்துத் தருகிற பிரெஃபெக்சூர் அலுவலகத்துக்குப் போனேன். விடிய முன்னமே வரிசை. மத்தியானத்துக்குக் கிட்ட என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மணி. நான் பிரெஞ்சு படித்தது கிடங்கில். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் "நீ"தான். அதனால் பிரெஞ்சு அரசாங்கத்தைப் பார்த்து, "நீ எனக்கு ஒரு உதவி செய்வியா?" என்று தொடங்கினேன். அந்த அம்மணியின் புருவம் மட்டும் எழும்பியது.

"என்ன உதவி முஸ்யே?"

"அம்மாவுக்குச் சுகமில்லை. போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்."

"போகலாம் முஸ்யே. வருவதுதான் இல்லை."

"ஏன்?"

"அங்கே உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருப்பது நீங்கள்தானே?"

"ஆபத்து எனக்கு. வருத்தம் அம்மாவுக்கு. இரண்டும் உண்மை."

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் என் ஒட்டுப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னும் மூன்று மாதம் குத்திக் கொடுத்தார். அவரிடம் இருந்தது அந்தச் சீல் ஒன்றுதான். என்னிடம் இருந்தது அம்மா ஒன்றுதான். மாற்றிக்கொள்ள வழியில்லை.

3

கிடங்கில் எனக்கு மேலாள் ஜெரார். ஐம்பத்தைந்து வயது, ஆர்ஜொந்தெய்யில் வீடு, தனிக்கட்டை. ஒரு பெட்டி இரண்டு விரல் அளவு கோணலாக இருந்தாலும் திரும்ப அடுக்கச் சொல்கிற மனிதர். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கௌபோயாக மாறுவார் என்று யார் நினைப்பது?

அது உண்மையிலேயே ஒரு சங்கம். ஆர்ஜொந்தெய்க்கு அப்பால், கல் உடைத்து முடித்துக் கைவிடப்பட்ட ஒரு கல்லுக்கிடங்கு. அங்கே பலகையால் ஒரு மதுக்கடை முகப்பு, ஒரு சிறைச்சாலை முகப்பு. முகப்பு மட்டும்தான், பின்னால் ஒன்றும் கிடையாது. இறைச்சிக்கடைக்காரர், தபால்காரர், பல் வைத்தியர் எல்லோரும் அகலத் தொப்பியும் தோல் சப்பாத்தும் போட்டு, பழைய அமெரிக்கக்காரர் வைத்திருந்த மாதிரித் துவக்குகளால் இரும்புத் தட்டுகளைச் சுடுவார்கள். ஆளாளுக்கு ஒரு கௌபோய்ப் பெயர். ஜெரார்தான் அங்கே ஷெரிஃப்.

அவர் என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். நான் ஏன் போனேன்? ஞாயிற்றுக்கிழமை சோபாவில் விருந்தாளி இருந்தார், அதுதான் காரணம்.

முதல் வரிசை சுட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்ததாக நான் புல்லில் முகம் குப்புறக் கிடந்தேன், இரண்டு கையும் பிடரியில். யார் சொல்லித் தந்தது என்று கேட்காதீர்கள், உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். சங்கத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு அழகாக ஒருவரும் செத்து விழுந்ததில்லை என்று பல் வைத்தியர் வந்து கை கொடுத்தார். ஜெரார் மட்டும் கைதட்டவில்லை. என்னைத் தூக்கிவிட்டு முழங்கால் மண்ணைத் தட்டினார்.

அன்றே எனக்கும் பெயர் வைத்தார்கள். முதலில் தலையில் இறகு குத்தி என்னைச் செவ்விந்தியனாக்கப் பார்த்தார்கள். நான் இலங்கை, என் கடதாசியில் அப்படித்தான் இருக்கிறது, நாலு துண்டிலும், என்று மறுத்தேன். அதனால் "கொலொம்போ கிட்" ஆனேன். கிட் என்றால் சின்னப் பெடியன். எனக்கு முப்பத்தேழு வயது, முன்மண்டை வழுக்கை, கொழும்பில் மொத்தமாக இருந்தது பாஸ்போட்டுக்காக அலைந்த நாட்கள்தான். ஒரு யாழ்ப்பாணத்தானை எப்படி இதைவிட அவமதிப்பது?

ஆனால் திரும்பவும் போனேன். காரணம் இதுதான். அங்கே நாள் முழுக்க வெடிக்கும், பெயர் சொல்லிச் சவால் விடுவார்கள், சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவும் செய்வார்கள். பின்னேரம் விழுந்தவர்கள் எல்லோரும் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டு வைன் குடிக்கப் போவார்கள். வெடிச்சத்தத்துக்குப் பிறகு ஒருவரும் குறையாத இடத்தை நான் அதுவரை கண்டதில்லை.

ஜெராரின் சட்டங்கள் கடுமையானவை. மேசையில் ஒரு பித்தளை மணி வைத்திருப்பார். சுட்டு முடித்தவன் துவக்கின் வாயைத் தட்டுகள் பக்கமாக வைத்து மேசையில் படுக்கவைக்க வேண்டும், வெறும் குழிகளை அவருக்குக் காட்ட வேண்டும், அவர் மணி அடிக்க வேண்டும். அதுவரை யாரும் தட்டுகளுக்கு முதுகு காட்டக் கூடாது. யாராவது நேரத்தை இழுத்தால் இடையிலேயே மணி அடித்துவிடுவார், மணி அடித்த பிறகு விழுகிற சூடு கணக்கில் சேராது. அடிக்கும்வரை அவனுடைய முறை முடியவில்லை. ஒருமுறை பல் வைத்தியரின் கடைசிச் சூடு மணியோடு மணியாக விழுந்தது. சேர்க்க மாட்டேன் என்று ஜெரார் நின்றுவிட்டார். இரண்டு கிழமை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

4

சும்மா இரவல் துவக்கில் எத்தனை நாள் சுடுவது, உனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஜெரார் என்னை ரிப்பப்ளிக் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். சுவரில் காட்டுப்பன்றித் தலை. அதன் கீழே பச்சைத் துணி விரித்த மேசை. கடைக்காரர் முதலில் தோட்டா போடுகிற ரிவோல்வர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அருமையான சாமான். இதற்குப் பிரெஃபெக்சூர் அனுமதி வேண்டும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் வாசல்வரை பின்வாங்கிவிட்டேன்.

"பிரெஃபெக்சூர் இல்லாத துவக்கு ஏதும் இருக்கிறதா?"

இருந்தது. தோட்டா கண்டுபிடிக்க முதல் இருந்த மாதிரிகளைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை. கருமருந்து ஒரு பக்கம், ஈயக் குண்டு ஒரு பக்கம், எல்லாம் நாமே இடிக்க வேண்டும். அதற்கு அனுமதி ஒன்றும் தேவையில்லை, வயது வந்தவனாக இருந்தால் போதும். நான் ரெசிப்பிசேயை நீட்டினேன். கடைக்காரர் அதை விரிக்கக்கூட இல்லை, என் வழுக்கையைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த நாட்டில் கோப்பை கழுவ எனக்கு அனுமதி வேண்டும், ஒரு அறையில் படுக்க யாராவது கையெழுத்து வைக்க வேண்டும், அம்மாவைப் பார்க்க வழியே இல்லை. ரிவோல்வர் வாங்க வழுக்கை போதும்.

மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது குண்டளவு நாற்பத்துநாலு, முழு உருக்கு, நீளக் குழல். கையில் எடுத்தேன். தண்ணி வாளியைக் கையை நீட்டிப் பிடித்த மாதிரி மணிக்கட்டு தானாகக் கீழே போனது. இரண்டாவதும் நாற்பத்துநாலுதான், ஆனால் உடம்பு பித்தளை. கோயில் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. நான் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெரார் என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்ப வைத்தார்.

"பித்தளை மெத்தென்றது. கருமருந்து அதை இழுத்துவிடும். ஒரு கோடை போனால் எல்லாம் தளர்ந்து ஆடும்."

"வடிவாயிருக்கே?"

"வடிவு சுடாது, கிட்."

மூன்றாவது முப்பத்தாறு. உருக்கு உடம்பு, கொஞ்சம் மெலிவு. அதன் குண்டு ஒரு கொண்டைக்கடலை அளவு. பெரிய குண்டு தூரத்தில் நின்று தட்டைப் பெரிதாக அடிக்கும், ஆனால் கையையும் அடிக்கும், உதை வாங்கப் பயந்தவன் சுட முதலே கண்ணை மூடிவிடுவான் என்றார் ஜெரார். எது உனக்கென்று அறிய ஒரு வழி சொல்லித் தந்தார். கண்ணை மூடு. துவக்கைத் தூக்கு. கண்ணைத் திற. எங்கே நினைத்தாயோ அங்கே அது பார்த்துக்கொண்டு நின்றால் அதுதான் உன்னுடையது.

கண்ணைத் திறந்தேன். முப்பத்தாறின் வாய் நேரே காட்டுப்பன்றியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேசைக்குக் கீழே இருந்தார்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அன்ரனி அண்ணை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"டேய், உனக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து துவக்கு வாங்கிறியோ?"

"அண்ணை, இது ஆக்களைச் சுடுற துவக்கில்லை. தட்டைச் சுடுறது."

"அங்கையும் முதல் தட்டைத்தான்ரா சுட்டவங்கள்."

பெட்டியைச் சோபாவுக்குக் கீழே தள்ளினேன். ஷர்மினி மட்டும் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். தமிழில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை, நான் மாமா என்று கூப்பிடச் சொன்னால் முஸ்யே என்பவள், அன்றிலிருந்து என்னைக் கிட் என்றாள். கிட்டத்தட்ட உறவுமுறை மாதிரித்தான் இருந்தது.

5

துவக்கை விட அதன் சாப்பாடு சிக்கலானது. முன்பக்கத்தால் ஒவ்வொரு குழியிலும் கருமருந்து, அதன் மேல் குண்டு. குண்டு குழியை விட ஒரு மயிர் பெரிதாக இருக்க வேண்டும். அழுத்தினால் ஈயம் வளையமாகச் சீவுப்பட்டு வர வேண்டும், அப்போதுதான் குழி இறுக அடைபடும். ஆறு குழியில் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். வெடிக்கவைக்கிற சுத்தியல் தூங்குவதற்கு ஒன்று வெறுமையாக இருக்கும்.

கடைசியாக ஒவ்வொரு குண்டின் மேலும் கொழுப்புப் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குழியில் பற்றிய தீ பக்கத்துக் குழிக்கும் தாவி, எல்லாம் ஒன்றாகக் கையில் வெடிக்கலாம். ஆட்டுக் கொழுப்போடு தேன்மெழுகு உருக்கிச் சேர்ப்பது ஜெராரின் முறை.

"மிருகக் கொழுப்பு எதுவும் சரி. உப்பு மட்டும் இருக்கக் கூடாது," என்றார்.

போன வருஷம் சங்கத்தின் கோடை விழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை. என் கொழுப்பு முடிந்துவிட்டது. இறைச்சிக்கடை வரிசையில் நிற்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல் எனக்கு. குசினியில் தேடினேன். மேரி அக்காவின் நெய் டின் இருந்தது. உப்பில்லாத மிருகக் கொழுப்புத்தானே? மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய தேன்மெழுகுதிரித் துண்டுகளும் இருந்தன. ஒரு சின்னச் சட்டியில் இரண்டையும் போட்டு உருக்கத் தொடங்கினேன். நெய் மணம் வீடு முழுக்கப் பரவியது. யாரோ பொங்கல் வைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் கிண்டிக்கொண்டு நிற்கும்போது அன்ரனி அண்ணை வந்தார். கையில் தந்தி. அண்ணை முதலில் அடுப்பை நிற்பாட்டினார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

கொழும்பிலிருந்து பெரியக்காவின் கொழுந்தன் அடித்திருந்தார். அம்மா காலமானார், ஞாயிறு தகனம். அவ்வளவுதான். தந்தியில் அதற்கு மேல் எழுத ஒருவருக்கும் வராது.

மேரி அக்கா என் தலையைத் தடவினார். அண்ணை எனக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்தார். ஷர்மினி கதவடியில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் கேட்டாள்:

"யார் சுட்டது?"

"இல்லையம்மா. வருத்தம் வந்து செத்தவ. வயசு போட்டுது," என்றார் மேரி அக்கா.

அவள் அதை நம்பவில்லை. அந்த நாட்டில் அப்படியும் சாகலாம் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

சட்டியில் நெய்யும் மெழுகும் உறைந்து மஞ்சளாகக் கட்டிபட்டுக் கிடந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஒரு போத்தலில் வழித்து வைத்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

6

ஞாயிறு காலையில் நான் கல்லுக்கிடங்குக்குப் போனேன்.

நீங்கள் வாயைப் பிளக்குமுன் சொல்லிவிடுகிறேன், எனக்கும் தெரியும். செத்தவீட்டுக்காரன் தொப்பி போட்டுக்கொண்டு விழாவுக்குப் போவானா? அன்ரனி அண்ணையும் கதவடியில் அதைத்தான் கேட்டார்.

"இண்டைக்குமோடா?"

"வீட்டிலை இருந்தால் ஆக்கள் வருவினம் அண்ணை. வந்து என்ரை முகத்தைப் பாப்பினம்."

அண்ணைக்கு விளங்கியது. என்னை எல்லோருக்கும் பகிடிக்காரனாகத்தான் தெரியும். பகிடி இல்லாத முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குப் பழக்கமில்லை. தவிர, ஜெரார் ஆர்ஜொந்தெய் ஸ்டேஷனில் காரோடு காத்துக்கொண்டு நிற்பார், சொல்லி அனுப்ப வழியில்லை. இவை காரணங்கள். ரயிலில் ஏறிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன்.

ரயிலில் கணக்குப் பார்த்துக்கொண்டே போனேன். இங்கே காலை என்றால் அங்கே மத்தியானம் தாண்டிவிட்டது. இப்போது குளிப்பாட்டியிருப்பார்கள். இப்போது பறை வந்திருக்கும். சுண்ணம் இடிப்பார்கள். குடம் யார் தூக்குவது? பெரியத்தான் தூக்குவார். அவருக்கு இடுப்பு வலி.

காரில் ஏறியும் ஜெராருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, நான் வழமைக்கு மாறாக வாயை மூடிக்கொண்டிருந்ததை மட்டும் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தார்.

அன்று நல்ல வெயில். என் முறை வந்தது. கருமருந்து, குண்டு, ஐந்து குழி. போத்தலைத் திறந்து விரலால் ஒவ்வொரு குழிக்கும் பூசினேன். வெயிலில் அது இளகி விரலில் வழிந்தது. ஜெரார் மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது? கேக் செய்கிறாயா?"

"மிருகக் கொழுப்பு," என்றேன்.

சுட்டேன். முதல் தட்டு கணீர் என்றது.

கருமருந்தின் புகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளையாக, கனமாக, அசையாமல் முகத்துக்கு முன்னால் நிற்கும். அந்தப் புகை என்மேல் வந்தது. அதில் கந்தக மணம் இருந்தது. கந்தகத்துக்குள் நெய் எரிந்த மணம் இருந்தது.

அப்பா செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பாடைக்கு முன்னால் சுடலைவரை சீனவெடி கொளுத்திக்கொண்டே போனார்கள். அந்தப் புகைக்குள்ளால்தான் நான் நடந்து போனேன். அங்கே விறகின் மேல் நெய் ஊற்றினார்கள். மூன்று தரம் சுற்றி வந்து, முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொள்ளி வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, உள்ளே இருப்பது அப்பா. மாமா என் பிடரியில் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நட மோனை, பாக்கப்படாது, நட. சுடலை வாசல்வரை அந்தக் கை எடுபடவில்லை.

வெடியும் நெய்யும். வேறு எங்கேயும் அந்த இரண்டு மணமும் ஒன்றாக வராது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. இறைச்சிக்கடை வரிசைக்குப் பஞ்சிப்பட்டவன் செய்தது அது.

மிச்சம் நாலையும் சுட்டேன். தட்டில் பட்டதா என்று தெரியாது. ஒவ்வொரு சூட்டுக்கும் அந்தப் புகை. எல்லாம் முடிந்ததும் துவக்கை மேசையில் படுக்க வைத்தேன். குழிகளைக் காட்டவில்லை. திரும்பினேன். நடந்தேன்.

"கிட்!"

பின்னால் ஜெரார் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"கிட், திரும்பு! துவக்கு!"

வரிசையில் நின்றவர்களும் கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. மதுக்கடை முகப்பைத் தாண்டினேன், சிறைச்சாலை முகப்பைத் தாண்டினேன், அவற்றின் பின்னால் ஒன்றுமில்லை, வெறும் புல். தொப்பி எங்கேயோ விழுந்தது. பின்னால் தோல் சப்பாத்து ஓடி வருகிற சத்தம் கேட்டது.

ஜெராரின் கை என் பிடரியைப் பிடித்தது. கிடங்கில் பெட்டி தூக்குகிற கை. என்னை இழுத்துத் திருப்பத்தான் பிடித்தார் என்று நினைக்கிறேன். பிறகு முன்னால் எட்டி என் முகத்தைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. திருப்பவும் இல்லை. பிடரியில் பிடித்தபடியே எனக்குப் பக்கத்தில் நடந்தார். கல்லுக்கிடங்கு வாசல்வரை.

அங்கே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன். அம்மா, கொள்ளி, நெய், எல்லாம் ஒரே குழப்பமாக. எனக்குக் கிடங்குப் பிரெஞ்சுதான் தெரியும், சுருள், பெட்டி, தூக்கு, இறக்கு. அதை வைத்துக்கொண்டு அம்மாவை எரிப்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

7

நானும் என் மட்டில் ஒரு கணக்கு முடித்துக்கொண்டேன். லீவு இல்லாமல், கடதாசி இல்லாமல், விமானம் இல்லாமல் ஒரு கொள்ளி வைத்தாயிற்று. பகிடிக்காரனுக்கு இதைவிட ஒழுங்காக என்ன வரும்?

ஆனால் பெரியக்கா மாதங்கள் கழித்துக் கொழும்புக்கு வந்தபோது அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். நெடுநேரம் அழுதுவிட்டு, பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

"ஞாயிறு எண்டுதான்ரா தந்தி அடிச்சது. பிறகு ஞாயிறு முழுக்க ஊரடங்கு எண்டிட்டாங்கள். சனி பின்னேரமே அவசரம் அவசரமாய் எடுத்துப் போட்டம். பறையும் இல்லை, வெடியும் இல்லை. வெடி கொளுத்தினால் ஆமி வந்திடும். அத்தான்தான் கொள்ளி வைச்சவர்."

"இடுப்பு வலியோடையோ?"

"ஓமடா. நீ அங்கை என்ன செய்தனி?"

"தலை தோஞ்சிட்டுத் தேவாரம் படிச்சனான் அக்கா."

"நல்லது," என்றார் அக்கா. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

நான் கல்லுக்கிடங்கில் புகைக்குள் நின்ற நேரத்தில் அம்மா சாம்பலாகி ஒரு இரவு கழிந்திருந்தது. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பிந்திப் போனவன் அதற்கும் பிந்திவிட்டேன். இதை நான் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்க மாட்டார்கள். எது மோசம் என்று தெரியவில்லை.

இந்தக் கிழமை ஜெராரைத் திவசச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். கிடங்கின் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். நிலத்தில் இருந்து கையால் சாப்பிட வேண்டும், வைன் கிடையாது, மாமிசம் கிடையாது என்று சொன்னேன். மேரி அக்கா மரக்கறி வெட்டுவார், ஷர்மினி வாழையிலைக்குப் பதில் கடதாசித் தட்டு அடுக்குவாள், அன்ரனி அண்ணை தன் பங்குக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறார். தொப்பி போடலாமா என்று ஜெரார் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. போன வருஷம் நான் சுட்ட கதையில் இன்னொரு பகிடி இருக்கிறது, கேட்கிறாயா என்று தொடங்கி, தகனம் சனிக்கிழமையே முடிந்துவிட்டதையும் நான் ஒரு நாள் பிந்திக் கொள்ளி வைத்ததையும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், கையெல்லாம் ஆட்டி.

"மணி அடித்த பிறகு விழுந்த சூடு மாதிரி. உன் சட்டப்படி அது கணக்கில் சேராது," என்று முடித்தேன்.

ஜெரார் சிரிக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்தார். பெட்டி கோணலா நேரா என்று பார்க்கிற மாதிரி மேசையைப் பார்த்தார். பல் வைத்தியருக்கு ஒரு சூட்டைக் கொடுக்காமல் இரண்டு கிழமை பகைத்துக்கொண்ட மனிதர் அவர். யாருக்காகவும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டார்.

"அன்றைக்கு நான் மணி அடிக்கவில்லை," என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். என்னைப் பிடிக்க அவர் ஓடி வந்தபோது மணி மேசையிலேயே கிடந்தது.